இட்லி எழுத்து

அம்பரீனுக்குத் தோல் நாற்றம் ஒரு பொருட்டே இல்லை. அவள் ஆம்பூரில் பிறந்தவள். அவளுடைய தந்தை இஷ்தியாக் அகமது தோல் பதனிடும் ஷெட்டில் தோலை ஊறவைத்துச் சுழற்றும் டிரம் ஓட்டியவர். அவர் கழற்றிப் போட்ட சட்டையில் சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்து வீசும். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தாள். ரயில் ஊருக்குள் நுழையும்போது வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்புதான் வரும்.

அவளுக்குக் குமட்டுவது புதினா வாசனை.

அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் உற்பத்தி மேலாளர் சுஹேல் அகமது. முதலாளியின் தம்பி மகன், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். எந்நேரமும் வாயில் ஒரு புதினா மிட்டாயை ஒதுக்கிக்கொண்டுதான் பேசுவார். குரலை உயர்த்தவே மாட்டார். "ஒரு சின்ன விஷயம் அம்பரீன்" என்று மேசைப் பக்கம் குனிவார். முதலில் அந்தக் குளிர்ந்த வாசனை வரும், பின்னால் விஷயம் வரும். போன வருஷத்திலிருந்து அம்பரீன் வீட்டில் பிரியாணிக்குக்கூடப் புதினா போட விடுவதில்லை. அம்மா அக்தரி பேகம் தலையில் அடித்துக்கொள்கிறாள். "ஆம்பூர்ல இருந்துகிட்டுப் புதினா இல்லாம பிரியாணியா? வெளிய சொல்லாதே, இதுக்கே மாப்பிள்ளை வர மாட்டான்."

அம்மாவிடம் அவள் காரணம் சொல்லவில்லை. அவள் அதிகம் பேசுகிற பெண் இல்லை. எட்டாவது வரை உருதுப் பள்ளி, அதற்கு மேல் தமிழ்வழி, பிறகு வாணியம்பாடியில் கம்ப்யூட்டர் பட்டம். இரண்டு மொழியில் எழுதப் படிக்கத் தெரியும். பேச்சு இரண்டிலுமே கம்மி.

கம்பெனியில் அவளுக்கு லேபிள் அறையில் வேலை. தையல் கூடத்தின் கோடியில் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை அது. உள்ளே இரண்டு பிரிண்டர்கள் நாள் முழுக்க நாக்கை நீட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும், ஒவ்வொரு ஜோடிக்கும், ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு லேபிள். மாடல் எண், சைஸ், நிறம், எந்தத் தொகுதி என்று சொல்லும் லாட் எண், தைத்தவரின் எண்.

அவள் சேர்ந்தபோது லேபிளில் இருந்தது கம்ப்யூட்டரோடு வந்த ஏதோ ஒரு எழுத்து, ஃபான்ட் என்பார்களே அது. ஒல்லியாக, விறைப்பாக, மூலைக்கு மூலை கூர்மையாக இருக்கும். பிரிண்டரின் தலையில் கொஞ்சம் தூசி ஒட்டினால் போதும், மெல்லிய கோடுகள் அறுந்துவிடும். எட்டு மூன்றாகத் தெரியும். பூஜ்யம் எது, ஓ என்கிற ஆங்கில எழுத்து எது என்று பேக்கிங் பெண்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். ஒன்று ஒல்லி, எட்டு குண்டு என்பதால் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்காது. ஒருமுறை ஒரு நாட்டுக்குப் போக வேண்டிய பெட்டிகள் இன்னொரு நாட்டுக்குப் போய் இறங்கின. திட்டு பேக்கிங் பெண்களுக்குக் கிடைத்தது.

அம்பரீன் இணையத்தில் தேடி ஒரு எழுத்தைப் பிடித்தாள். முகம் தெரியாத யாரோ வெளிநாட்டில் வரைந்து இலவசமாக விட்டிருந்தார்கள். அதில் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு இடம். ஒன்றுக்கும் எட்டுக்கும் ஒரே அகல அறை. ஒல்லியானது கைகால் நீட்டி உட்காரும், குண்டானது கொஞ்சம் ஒடுங்கி உட்காரும். கோடு எங்கேயும் தடித்து மெலியாது. முனைகள் எல்லாம் உருண்டை, வெட்டே கிடையாது. மாவை விரலால் உருட்டி வளைத்து வைத்ததுபோல இருக்கும். பூஜ்யத்தின் வயிற்றில் ஒரு புள்ளி, ஆங்கில ஐ எழுத்துக்கு மேலும் கீழும் பட்டை, ஒன்றுக்கு ஒரு மூக்கு. ஒன்றை இன்னொன்றாக யாரும் படிக்க முடியாது. பிரிண்டர் பாதி செத்திருந்தாலும் படிக்கலாம்.

பெட்டியில் ஆரம்பித்தது ஷூவின் நாக்குப் பட்டைக்குப் போனது. தோலில் சூடான அச்சு இறங்கும்போது கூர்மையான மூலை மேல்தோலைக் கிழித்துக் கருக்கிவிடும். உருண்ட முனை அமுக்கிவிட்டு வரும், அவ்வளவுதான். அதை அச்சுப் பிரிவு ஆட்களே கண்டுபிடித்து, இனிமேல் எல்லாம் இந்த எழுத்திலேயே வேண்டும் என்று கேட்டார்கள். பிறகு லாட் அட்டை, பஸ் நேரப் பலகை, கேன்டீன் மெனு என்று பரவியது.

அதில் தமிழ் இல்லை. அம்பரீனே வரைந்தாள். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின. எல்லாவற்றுக்கும் ஒரே இடம் என்ற சட்டத்தில் தமிழ் சுலபத்தில் அடங்கவில்லை. 'ர'வை ஓர் அறையில் விட்டால் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் கிழவனைப் போல நின்றது. 'ண'வை அதே அறையில் தள்ளினால் மூச்சு முட்டியது. கடைசியில் பெரிய எழுத்துகளுக்கு இரண்டு அறை, கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தாள். 'ர'வின் காலைக் கொஞ்சம் அகட்டி நிற்க வைத்தாள். உருண்டை முனை தமிழுக்கு ரொம்பவே ஒத்துப்போனது. புதிய எழுத்தில் கேன்டீன் பலகை வந்த அன்று தையல் லைனில் வேலை செய்யும் ஹெலன் கண்ணாடியைத் தட்டினாள்.

"இன்னா மேடம், எழுத்தெல்லாம் புசுபுசுன்னு இருக்கு? இட்லித் தட்டுல ஊத்தி எடுத்தியா?"

அன்றிலிருந்து கம்பெனி முழுக்க அதற்கு இட்லி எழுத்து என்று பெயர். அம்பரீனுக்கு உள்ளூரப் பெருமைதான். தன் வாழ்க்கையில் அவள் செய்து, நாலு பேர் பெயர் வைத்துக் கூப்பிட்டது அது ஒன்றுதான்.

அதைத்தான் சுஹேல் கேட்டார்.

"ஒரு சின்ன விஷயம் அம்பரீன். தையல் கூடத்துல ஒரு டிவி மாட்டப் போறோம். பேரு நலப் பலகை. உன் எழுத்துதான் அதுக்குப் பொருத்தம்." அவளோடு அவர் உருதுவில்தான் பேசுவார். பெஹன், பெஹன் என்று வார்த்தைக்கு வார்த்தை சகோதரி முறை வைப்பார்.

"நலம்னா? ஹெல்த் டிப்ஸா சார்?"

"அப்படியும் வச்சுக்கலாம். லேடீஸ் பாத்ரூம் கதவுல கார்டு ரீடர் வருது. போகும்போது ஒரு தடவை காட்டணும், வரும்போது ஒரு தடவை. யார் எவ்வளவு நேரம் சீட்டுல இல்லைன்னு பலகையில தெரியும். ஜாஸ்தி ஆனா சிவப்பு."

அம்பரீன் கையிலிருந்த லேபிள் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேர் போட மாட்டோம் பெஹன், வெறும் நம்பர்தான். நானும் அக்கா தங்கச்சியோட பிறந்தவன். எதுவும் மரியாதையா இருக்கணும். உன் எழுத்து ரவுண்டா, சாஃப்டா இருக்கு. அதுல எதைப் போட்டாலும் கோபம் வராது. திட்டினாக்கூடக் கொஞ்சற மாதிரி இருக்கும். அதோட நிமிஷம் மாறும்போது வரி ஆடாது. வேற எழுத்துல போட்டுப் பாத்தோம், அசிங்கமா ஆடுது."

அவருக்கு அசிங்கமாகப் பட்டது வரி ஆடுவது மட்டும்தான். அதைவிடப் பெரிய அருவருப்பு ஒன்று இருந்தது. அந்த எழுத்தின் குணத்தை அந்தக் கம்பெனியில் அச்சாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். ஏன் அது உருண்டை, ஏன் ஒரே அளவு என்று அவளிடம் இதுவரை யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள்.

"யோசி, யோசி" என்றார் அவர், ஏதோ அனுமதி கொடுப்பதுபோல.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எழுத்தோடு வந்த உரிமப் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். எங்கேயாவது ஒரு வரி இருக்காதா என்று தேடினாள். மனிதரை அவமானப்படுத்தப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி. அப்படி எதுவும் இல்லை. யாரும் எடுக்கலாம், எதற்கும் பயன்படுத்தலாம், திருத்தலாம். திருத்தியவர் அதை அதேபோல எல்லோருக்கும் விட்டுவிட வேண்டும். அவள் வரைந்த தமிழும் அந்தச் சட்டத்துக்குள்தான் வந்தது. இலவசமாக வாங்கியபோது இனித்த நிபந்தனை அது. ஊருக்குப் பொதுவான குழாய் என்றால் சாக்கடை அள்ளுகிறவனும் அதில் வாளி வைக்கலாம் என்று இப்போதுதான் புரிந்தது.

அவள் யோசித்து முடிக்கும்வரை யாரும் காத்திருக்கவும் இல்லை. திங்கட்கிழமை காலை அவள் உள்ளே வந்தபோது டிவி மாட்டியாகிவிட்டது. கம்ப்யூட்டர் பிரிவு ஆள் பொதுக் கோப்பிலிருந்து எழுத்தை எடுத்துப் போட்டிருந்தான். மேலே இளம்பச்சையில் நலப் பலகை என்று தலைப்பு. அவள் அறை அறையாகப் பிரித்துக் கொடுத்த எழுத்துகள். கீழே வரிசை வரிசையாக எண்கள், எதிரே நிமிஷங்கள். ஒன்றுகூட ஆடவில்லை.

பெயர் இல்லை, வெறும் நம்பர் என்று சுஹேல் சொன்னது லைனில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. தைக்கும் ஒவ்வொரு கட்டிலும் தைத்தவளின் எண் இருக்கிறது. ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்கு அந்தக் கட்டு போகிறது. வருஷக்கணக்காக அந்த எண்களைப் பார்த்துப் பார்த்து, பக்கத்து ஊர்க்காரியின் பெயர் மறந்தாலும் எண் மறக்காது. ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்தவருக்கு மட்டும்தான் அது மறைப்பு. லைனில் அது நெற்றியில் ஒட்டிய பெயர்.

முதல் நாள் ஹெலன் வாசித்துக் காட்டினாள். "ஏய், கடைசி நம்பர் நம்ம புதுப்பொண்ணுடி. இன்னாடி, உள்ள தூங்கறியா? ஐயோ, என் நம்பர் வந்துட்டுது பாரு, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஓடுது!" எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் கொஞ்சம் பேர் சிரித்தார்கள். அந்த வாரக் கடைசியில் யாரும் பலகையைப் பார்க்கவில்லை, பார்க்காமலே அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் முதுகில் தெரிந்தது. மாதவிலக்கு நாள் யாருக்கு என்று சுத்தியல் அடிக்கும் ஆண்களுக்கும் தெரிந்துவிட்டது. அவர்களில் ஒருவன் தேதி சொல்லிப் பந்தயம் கட்டினான் என்று கேள்விப்பட்டபோது அம்பரீன் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

ஹெலன் கண்ணாடிப் பக்கம் வந்து நின்றாள். இந்தத் தடவை தட்டவில்லை.

"மேடம், உன் இட்லி எங்கெங்க வேவுது பாத்தியா?"

 அம்பரீன் ஸ்டாஃப் என்பதால் மாடியில் தனிப் பாத்ரூம். அங்கே கதவில் ரீடர் இல்லை. அதற்குப் போய்வரவே அவளுக்குக் கூசியது.

மூன்றாவது லைனில் அமிர்தவள்ளி என்று ஒரு அக்கா. ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். பஸ்ஸிலேயே நெடுநேரம் அடக்கிக்கொண்டு வர வேண்டும். சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். ஷூவின் நாக்குப் பகுதியை அப்பர் என்கிற மேற்பாகத்தோடு சேர்த்துத் தைப்பது அவள் வேலை. லைனிலேயே நேர்த்தியான கை அவளுடையதுதான். பலகை வந்ததிலிருந்து அவள் எண் மேல்வரிசையிலேயே சிவப்பாக நின்றது. சூப்பர்வைசர் சுப்பராயன் இரண்டு முறை எச்சரிக்கை கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. "நான் இன்னாம்மா பண்றது, மேலேர்ந்து கேக்கறாங்க, கொஞ்சம் அடக்கிக்கோ" என்று அவர் சொன்னது, தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொள் என்பதுபோல இருந்தது. மூன்றாவது எச்சரிக்கை வந்தால் வீடு. அமிர்தவள்ளிக்கு மகள் கல்லூரியில் படிக்கிறாள், கணவன் இல்லை. இது லைனில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். உதடு வெடித்தது. சாப்பாட்டு நேரத்தில் ஊறுகாயைக்கூட ஒதுக்கினாள், தாகம் எடுக்கும் என்று. "அக்கா, ரெண்டு வாயாவது குடிக்கா" என்று ஹெலன் பாட்டிலை நீட்டினால் தலையைத் திருப்பிக்கொள்வாள். சுகர்காரி தண்ணீரை விட்டால் என்ன ஆகும் என்று அம்பரீனுக்குத் தெரியும். அவள் அப்பாவும் சுகர்காரர்தான். ஒரு நாள் அவள் துணிந்து சுஹேலிடம் போனாள்.

"சார், உடம்பு சரியில்லாதவங்க நம்பரை மட்டும் பலகையிலேர்ந்து எடுத்துடலாமா?"

"எடுத்தா யாருக்கு உடம்பு சரியில்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே பெஹன். அது மரியாதை இல்லையே" என்றார் அவர் மென்மையாக. பதில் தயாராக இருந்தது. மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது.

அது நடந்தது ஒரு பிற்பகலில். வெளிர் பழுப்பு நிறத் தோலில் அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஒரு சொட்டுப் பட்டாலும் கறை பிடிக்கும் தோல். அமிர்தவள்ளி மடியில் ஒரு கட்டு மேற்பாகங்களை வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கம்பெனி கொடுத்த நீலக் கோட்டின் கீழ்ப்பக்கம் கறுத்துக்கொண்டே வந்தது. பிறகு நாற்காலிக் காலோரம் தரையில் ஒரு கோடு இறங்கியது.

முதலில் பார்த்தது ஹெலன். அவள் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அப்படியே தரையில் கவிழ்த்தாள். "ஐயையோ, கொட்டிட்டேன்! அக்கா மேலயும் பட்டுட்டுது! கண்ணு தெரியல எனக்கு, கபோதி நான்!" என்று கத்தினாள். பக்கத்து மெஷின்காரியும் உடனே தன் பாட்டிலைக் கவிழ்த்தாள். இரண்டு பாட்டில் தண்ணீரும் அந்த வாடையை மறைக்கவில்லை. ஆனால் ஒருவரும் மூக்கைத் தொடவில்லை.

சுஹேல் வந்தார். ஈரம் எட்டாத இடத்தில் நின்றுகொண்டார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தபடி, "எத்தனை அப்பர் போச்சு?" என்று சுப்பராயனைக் கேட்டார்.

அம்பரீன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அதைக் கேட்டாள். தோல் ஷெட்டில் அழுகிய சவ்வு வழித்துக் குவித்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அதன் மேல் புழு நெளிவதையும் பார்த்திருக்கிறாள். அப்போது வராத வாந்தி இப்போது தொண்டைக்கு வந்தது. அமிர்தவள்ளியைப் பார்த்து வரவில்லை. அந்தச் சுத்தமான கைக்குட்டையைப் பார்த்து வந்தது.

ஹெலன் தன் துப்பட்டாவை அமிர்தவள்ளியின் இடுப்பில் சுற்றி அழைத்துப் போனாள். பாத்ரூம் கதவில் ரீடர் கார்டு கேட்டுக் கீச்சென்றது. ஹெலன் செருப்பைக் கழற்றி அதன் மேல் ஓர் அடி வைத்தாள்.

கறைபட்ட மேற்பாகங்கள் லேபிள் அறைக்கு வந்தன. அங்கே ஒரு விதி உண்டு. பிராண்டின் பெயர் அச்சிட்ட எந்தத் துண்டும் கழிந்துபோனால் வெளிச் சந்தைக்குப் போகக் கூடாது. ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்டி, கம்பிக் கூண்டில் பூட்டி வைக்க வேண்டும். ஷூக்களை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் தர ஆய்வாளர் வசந்த் வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து வருவான். அவன் கண்ணெதிரில்தான் அவற்றை வெட்டுவார்கள். லேபிளில் இரண்டு விஷயம் கட்டாயம். தமிழிலும் ஆங்கிலத்திலும் காரணம், பொறுப்பானவரின் எண்.

"காரணம் ஆப்பரேட்டர் தவறுன்னு போட்டுடு. நம்பர் அவங்களோடது" என்றார் சுஹேல் கதவில் சாய்ந்து. "பாவம்தான். ஆனா லைன்ல வச்சுக்க முடியாது, பார். சுகாதாரம்னு ஒண்ணு இருக்கில்ல?"

இந்த லேபிள் ஒட்டினால் அதுதான் மூன்றாவது எச்சரிக்கை. அமிர்தவள்ளி அன்றே வெளியே.

அவர் போன பிறகு அம்பரீன் லேபிள் கோப்பைத் திறந்தாள். காரணத்துக்கான கட்டத்தில் எத்தனை எழுத்து அடங்கும் என்று அவளுக்கு எண்ணாமலே தெரியும்; அந்தக் கட்டத்தை அளந்து போட்டவளே அவள்தான். அதில் 'பாத்ரூம் போக விடவில்லை' என்று அடித்தாள். கீழே அதையே ஆங்கிலத்தில் அடித்தாள். பொறுப்பு என்ற இடத்தில் சுஹேல் அகமதுவின் ஸ்டாஃப் எண்ணை அடித்தாள். மேலாளர் எண்ணும் தையல்காரி எண்ணும் அந்த எழுத்தில் ஒரே நீளம்தான். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பிரிண்டர் நாக்கை நீட்டியது. ஒவ்வொரு துண்டிலும் அவளே கையால் ஒட்டினாள். தோல் இன்னும் ஈரமாக இருந்தது. கையுறை போட்டுக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

வசந்த் வரும் நாளில் நலப் பலகையில் கேன்டீன் மெனு ஓடும். சாம்பார், கோஸ் பொரியல், மோர். அதே எழுத்து, அதே இளம்பச்சை. அன்றும் ஓடியது. வசந்த் கூண்டு முன்னால் நின்று ஒவ்வொரு லேபிளையும் போனில் படம் எடுத்தான். அவன் படிக்கவில்லை. படம் எடுத்து அனுப்புவதுதான் அவன் வேலை; படிப்பது வேறு எங்கேயோ ஒரு மெஷினின் வேலை. "இந்த எழுத்துல ஒரு தொல்லையும் இல்லைங்க மேடம். டக்குனு ஸ்கேன் ஆவுது. மத்த கம்பெனில பேஜார்" என்று பாராட்டிவிட்டு பிரியாணி வாங்க நேரமாகிவிட்டது என்று கிளம்பினான். மேற்பாகங்களை வெட்டிப் போட்டார்கள்.

அதுவரை சுஹேல் அந்த லேபிளைப் பார்க்கவில்லை. கறைபட்ட தோல் பக்கம் அவர் ஏன் போகப் போகிறார்? வெட்டுவதற்கு முன்பே அமிர்தவள்ளியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டு நீக்கும் கடிதம் மட்டும்தான் பாக்கி.

அடுத்த வாரம் கடல் தாண்டிக் கேள்வி வந்தது. இந்தக் காரணத்தின் பொருள் என்ன, இந்த எண் யாருடையது, இதில் ஏன் தையல்காரர் எண் இல்லை. சுஹேல் அம்பரீனை மாடிக்குக் கூப்பிட்டார்.

"டைப்பிங் மிஸ்டேக்னு ஒரு மெயில் எழுதிடு பெஹன். சரியான நம்பரையும் போட்டுடு. முடிஞ்சது."

"மிஸ்டேக் இல்ல சார்." அவள் தமிழில் சொன்னாள். அவரோடு உருதுவில் பேச அப்போது அவளுக்கு நாக்கு வரவில்லை. அது அவள் வீட்டு மொழி.

"உங்க அப்பா எங்க ஷெட்ல எத்தனை வருஷம் சாப்பிட்டார் தெரியுமா?"

"வேலை செஞ்சார் சார்."

"இவ்வளவு அமைதியான பொண்ணு. யார் சொல்லிக் கொடுத்தது உனக்கு?"

"நலப் பலகைன்னு நீங்கதான் சார் பேர் வச்சீங்க" என்றாள். வேறு எதுவோ சொல்ல நினைத்தாள், வாய்க்கு வந்தது இதுதான். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சுளிப்பு வந்தது. வாயிலிருந்த மிட்டாயைக் காகிதத்தில் துப்பிச் சுருட்டினார்.

அவர் எழுதச் சொன்ன மெயிலை அவள் எழுதவில்லை. அதனால் விசாரணைக்கு ஆள் வந்தார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர், சென்னையிலிருந்து ஒரு பெண், மொழிபெயர்க்க ஒருவர். அமிர்தவள்ளியை வரவழைத்து ஏசி அறையில் நடுவில் உட்கார வைத்தார்கள். என்ன நடந்தது, எப்போது தண்ணீர் குடித்தாய், எவ்வளவு நேரம் அடக்கினாய், எவ்வளவு ஈரமானது. மரியாதையாகத்தான் கேட்டார்கள். டிஷ்யூ பேப்பர் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். அவள் வெளியே வந்தபோது அம்பரீன் படியில் நின்றிருந்தாள்.

"அக்கா..."

"போர்டுல நம்பர்தான் ஓடிச்சி" என்றாள் அமிர்தவள்ளி. "இவங்க என் வாயாலயே சொல்ல வச்சிட்டாங்க. மூணு தரம் சொன்னேன். அந்தாளு புரியல புரியலன்னு திருப்பித் திருப்பிக் கேக்கறான்."

"வேலை போகக் கூடாதுன்னுதான்க்கா..."

"தெரியுது. நீ போடலன்னா நான் இந்நேரம் கடுதாசி வாங்கினு வீட்ல குந்தினு இருப்பேன். அதுக்காக இது நாறாம பூடுமா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

 

டிவி கழற்றப்பட்டது. கதவிலிருந்த ரீடரையும் பிடுங்கிவிட்டார்கள். சுவரில் ஓட்டை மட்டும் இருக்கிறது. அமிர்தவள்ளியின் எச்சரிக்கைகள் ரத்தாகி, அவள் லைனுக்குத் திரும்பினாள். சுஹேல் எங்கேயும் போகவில்லை. இப்போது அவருக்குத் தொழிலாளர் நலத்துக்கான கூடுதல் பொறுப்பும் கொடுத்திருக்கிறார்கள். அம்பரீனை உடனே நீக்கினால் வாங்கும் கம்பெனி கேள்வி கேட்கும் என்பதால் நீக்கவில்லை. ஆனால் அவள் மேசைப் பக்கம் யாரும் குனிவதில்லை, எல்லாம் மெயிலில்தான் வருகிறது.

போன வாரம் அப்படி ஒரு மெயில் வந்தது. பாத்ரூம் கதவுக்கு ஒரு போஸ்டர். 'தயங்காமல் செல்லுங்கள், இது உங்கள் உரிமை.' எழுத்து உருண்டையாக, அன்பாக இருக்க வேண்டும். கீழே அமிர்தவள்ளி சிரித்துக்கொண்டிருக்கும் படம் ஒன்று. அவளிடம் கேட்டு வாங்கவும்.

அம்பரீன் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எழுந்து மூன்றாவது லைனுக்குப் போனாள். மெயிலில் இருப்பதை அப்படியே சொன்னாள்.

அமிர்தவள்ளி மெஷினை நிறுத்தினாள். "போட்டோவா? பாத்ரூம் கதவுலயா?"

"ஆமாக்கா. சிரிக்கற மாதிரி."

"த்தூ" என்றாள் அமிர்தவள்ளி. துப்பவில்லை, சொன்னாள். "அவங்க வீட்டுப் பொம்பளைங்க போட்டோவ மாட்டச் சொல்லு."

ஹெலன் பக்கத்து மெஷினிலிருந்து தலையை நீட்டினாள். "என் போட்டோவ வேணா போடச் சொல்லு மேடம். நாக்கத் துருத்திக்கினு நிக்கறேன்."

"தரலைன்னு எழுதிடட்டுமா அக்கா?"

"எழுது. நான் சொன்னேன்னே எழுது. நம்பரும் போடு." பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து அண்ணாந்து கடகடவென்று குடித்தாள். பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு எழுந்து, கோட்டின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு பாத்ரூம் பக்கம் நடந்தாள்.

லைன் நிற்கவில்லை. முன்னால் இருப்பவள் தைத்துத் தைத்துத் தள்ள, அமிர்தவள்ளியின் மேசையில் கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. சுப்பராயன் பழக்கதோஷத்தில் டிவி இருந்த சுவரை நிமிர்ந்து பார்த்தார். அங்கே நாலு ஆணிகள்தான் இருந்தன. ஒரு கட்டு சரிந்து கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்து மேலே வைத்தார்.

அவள் இன்னும் வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை.